பி ரேக்கும் ஒரு தள்ளுபடி டாக்கும்

1. நான்கு விளக்கு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஹார்டு டிஸ்க்கைக் காப்பி எடுக்கும் டாக் என்ற சின்னப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். அதன் முகப்பில் நான்கு சின்ன விளக்குகள் இருந்தன. கால் பங்கு காப்பி ஆனால் ஒன்று எரியும், பாதி ஆனால் இரண்டு, இப்படி. மதியம் ஒன்றரைக்கு நான்காவதும் எரிந்தது. வேலை முடிந்தது என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அன்றைக்கு வெண்டைக்காய்.

கை கழுவிவிட்டு வந்து, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகித் திறந்தேன். ஒன்றுமில்லை. அதை எடுத்துவிட்டு, காப்பி ஆகியிருக்க வேண்டிய புது டிஸ்க்கைப் போட்டேன். அதிலும் ஒன்றுமில்லை.

எங்கள் கம்பெனியின் முப்பது வருட டை ட்ராயிங்குகள் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருந்தன. அதற்கு வேறு காப்பி கிடையாது. அந்தக் காப்பியை எடுக்கத்தான் அன்று காலை பொத்தானை அழுத்தினேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டாக் எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். நான் அதை எதற்காக வாங்கினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். பொறாமையால் வாங்கினேன்.

2. எங்கள் அறை வழக்கம்

புனேக்குப் பக்கத்தில் சிஞ்ச்வட்டில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனி. கார், டெம்போ இவற்றின் உள்பாகங்களுக்கு டை என்னும் இரும்பு அச்சு செய்து, அதை பிரஸ்ஸில் மாட்டித் தகட்டை வெட்டி வளைப்பார்கள். ஒவ்வொரு டைக்கும் ஒரு ட்ராயிங் உண்டு. அளவு மாறினால் ட்ராயிங் மாறும். அதை ரிவிஷன் என்போம். ரிவிஷன் ஏ, பி, சி என்று போய்க்கொண்டே இருக்கும். இவை அத்தனையையும் காப்பாற்றி, கேட்கிறவர்களுக்குச் சரியானதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதவியின் பெயர் ட்ராயிங் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பெயர்தான் நீளம். அறையில் நான் ஒருவன் மட்டுமே.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ட்ராயிங்குகள் டிரேசிங் பேப்பரில் இருந்தன. ஏ ரேக், பி ரேக் என்று இரண்டு இரும்பு ரேக்குகள். ஏ ரேக்கில் மாஸ்டர், பி ரேக்கில் அதன் பிரிண்ட். ஒரு மழைக்காலத்தில் ஜன்னல் பக்கம் ஒழுகி, ஏ ரேக் முழுவதும் நனைந்துவிட்டது. ஒவ்வொரு தாளாக ஃபேனுக்குக் கீழே காயப்போட்டு எடுத்தோம். அன்றே இடத்தை மாற்றினோம். மாஸ்டர் எல்லாம் பி ரேக்குக்குப் போயிற்று, ஏ ரேக்குக்கு பிரிண்ட் வந்தது. அதிலிருந்து எங்கள் அறையில் பி என்றால் அசல், ஏ என்றால் நகல். "பி-ல பாரு" என்றால் சந்தேகமில்லாத ட்ராயிங்கைப் பாரு என்று அர்த்தம்.

பிறகு ஸ்கேன் செய்து எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினோம். இடம் வேண்டும் என்று டிரேசிங் தாள்களை ரத்திக்காரருக்கு, அதாவது பழைய பேப்பர் வாங்குபவருக்கு, போட்டுவிட்டார்கள். ரேக்குகளும் போயின. பழக்கம் போகவில்லை. மாஸ்டர் டிஸ்க்கின் மேல் கறுப்பு மார்க்கரால் பெரிதாக பி என்று எழுதினேன். அதன் காப்பி டிஸ்க்கில் ஏ என்று எழுதினேன்.

போன மழைக்காலத்தில் அந்த ஏ டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்து, இரண்டு நாளில் செத்துப்போனது. மிச்சம் இருந்தது பி மட்டும்.

3. அருள்லா போலாவ்

இப்போது அருள்தாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் தமிழன்தான். தாத்தா காலத்திலேயே புனே கன்டோன்மென்ட்டுக்கு வந்த குடும்பம், இப்போது வானவடியில் ஃபிளாட். என் அப்பா வேலூர்ப் பக்கமிருந்து கட்கி ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிக்கு வந்தவர். நான் கட்கியிலேயே இருக்கிறேன். நானும் அருளும் ஒரே வருடம், ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் ஐந்து வருடம் ஒரே அறை. ஏ ரேக் நனைந்தபோது தாள்களைக் காயப்போட்ட இரண்டு பேரில் அவன் ஒருவன்.

அப்புறம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அருள் சாயங்கால வகுப்புக்குப் போனான். என்னையும் கூப்பிட்டான். நான் போகவில்லை. இரண்டு வருடத்தில் அவன் சிஸ்டம்ஸ் பிரிவுக்குப் போய்விட்டான், மூன்றாவது வருடம் அதற்கு இன்சார்ஜ் ஆனான். நான் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தேன்.

எங்கள் மேனேஜர் ரானடே சார். பிரிண்டர் நின்றாலும் சரி, தலைமை ஆபீசிலிருந்து யாராவது வந்தாலும் சரி, அவர் வாயில் வருவது இரண்டே சொல்: "அருள்லா போலாவ்." அருளைக் கூப்பிடு என்று மராத்தியில் சொல்வது. இருபது வருடத்துக்கு மேல் அந்த இரண்டு சொல்லைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒன்று சுருக்கென்று குத்தும்.

சின்னச் சின்ன விஷயத்திலும் எனக்கு அவன்மேல் எரிச்சல். அவன் மராத்தி பேசினால் மராத்திக்காரன் போலவே இருக்கும், நான் பேசினால் எதிரில் இருப்பவர் இந்திக்கு மாறிவிடுவார். தினமும் லோனாவலா லோக்கல் ரயிலில்தான் வேலைக்குப் போவோம். அவன் ஸ்கூட்டரில் புனே ஸ்டேஷனுக்கு வந்து, வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறிவிடுவான். அதனால் அவனுக்கு எப்போதும் ஜன்னல் சீட்டு. நான் கட்கியில் ஏறும்போது வண்டி நிறைந்திருக்கும். எனக்காகத் தன் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, "தனபால், இங்க வா" என்று கூப்பிடுவான். முப்பது வருடம் எனக்கு இடம் பிடித்து வைத்தவன். நானோ உட்கார்ந்ததும் அவன் ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் விட மேலே ஒன்று வந்தது. எங்கள் இருவருக்கும் ரிட்டயர்மென்ட் ஒரே மாதம். ஒருவருக்கு மட்டும் ஒரு வருட எக்ஸ்டென்ஷன் கொடுக்கப்போகிறார்கள் என்று ரானடே சார் சொன்னார். பழைய ட்ராயிங்குகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்காக. ட்ராயிங் என் பொறுப்பு, கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு. யாருக்குக் கொடுப்பார்கள்? கேட்கவே வேண்டாம், "அருள்லா போலாவ்" என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வருடத்தை எப்படியாவது நான் வாங்கிவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

4. தள்ளுபடி

ஏ டிஸ்க் செத்ததும் அருள் தலைமை ஆபீசுக்கு எழுதினான். நான்கு டிஸ்க் போடும் பெரிய ஸ்டோரேஜ் பெட்டி வேண்டும், ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும் என்று எழுதியிருந்தான். கடிதம் போய் மூன்று மாதம் ஆகியும் பதிலில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவன் எழுதியும் ஒரு காரியம் நடக்காமல் இருந்ததே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

தீபாவளி சமயத்தில் ஆன்லைனில் சேல் வந்தது. மிக்ஸி பார்க்கப் போன இடத்தில் அந்த டாக் கண்ணில் பட்டது. ப்ரெட் டோஸ்டர் போன்ற உருவம், மேலே இரண்டு பள்ளம். ஹார்டு டிஸ்க்கை அப்படியே செங்குத்தாகச் சொருகலாம். கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு டிஸ்க்கில் உள்ளது மற்றதற்குக் காப்பி ஆகிவிடும் என்று போட்டிருந்தது. பாதி விலைக்கும் கீழே. காரணமும் போட்டிருந்தது: யாரோ வாங்கித் திருப்பி அனுப்பியது, பெட்டி பிரிக்கப்பட்டது, உபயோகக் குறிப்பு இல்லை.

பெரிய பெட்டி கேட்டு அவன் மூன்று மாதமாகக் காத்திருக்கிறான். நான் இந்தக் கையடக்கச் சாமானை வைத்து மூன்று மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டால்? அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பிலேயே ஆர்டர் பொத்தானை அழுத்தப் போனேன்.

என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது? அருள் அண்ணன ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்களேன். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி."

வீட்டிலும் அருள்லா போலாவ்! "ஏன், எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டு, அந்தக் கோபத்திலேயே ஆர்டர் போட்டேன். கூடவே ஒரு புது டிஸ்க்கும். மிக்ஸியை மறந்துவிட்டேன். அதற்கும் அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

5. ஷாபாஷ்

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் டாக்கை மேசைமேல் வைத்தேன். ரானடே சார் மராத்தியும் இந்தியும் கலந்துதான் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழிலேயே தருகிறேன்.

"அரே வா, தன்பால்! யாராவது கேட்டாங்களா இவர? கேக்கல. தானா வாங்கிட்டு வந்திருக்காரு. நாம லெட்டர் எழுதிட்டு மூணு மாசமா ஒக்காந்திருக்கோம். ஷாபாஷ்!"

அந்த 'நாம' யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஓரக்கண்ணால் அருளைப் பார்த்தேன். அவன் டாக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேனுவல் எங்கடா?"

"வரல."

"ரெண்டு பள்ளத்துல எதுலருந்து எதுக்குப் போகுதுன்னு பாத்தியா? மொதல்ல ரெண்டு வேஸ்ட் டிஸ்க்க போட்டு ட்ரை பண்ணிப் பாரு. என்கிட்ட கெடக்கு, தரேன்."

சரியான பேச்சு. இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாராட்டு எனக்குப் போனது இவனுக்குப் பொறுக்கவில்லை, பொறாமையில் முட்டுக்கட்டை போடுகிறான் என்றுதான் நினைத்தேன். எனக்குள் இருந்ததை அவன் முகத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்பா. நீ ஸ்டிக்கர ஒட்டு" என்றேன். வெளியிலிருந்து வரும் எந்தச் சாதனத்துக்கும் சிஸ்டம்ஸ் பிரிவு பரிசோதித்து பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி. அருள் தயங்கினான். ரானடே சார், "ஒட்டிக் குடு அருள், இதுக்குமா லெட்டர் எழுதணும்?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அருள் ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டான். அவ்வளவு ருசியான டீயை அந்த கேன்டீனில் அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, பின்னாலும் குடித்ததில்லை.

மறுநாள் காலை புது டிஸ்க்கை ஃபார்மட் செய்து, கம்ப்யூட்டரில் அதற்கு 'புதியஏ' என்று பெயர் கொடுத்தேன். மேலே மார்க்கரால் ஏ என்று எழுதினேன். டாக்கின் பள்ளங்களைப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஏ, இன்னொன்றன்கீழ் பி என்று அச்சடித்திருந்தது. கைக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஏ டிஸ்க்கை ஏ பள்ளத்தில், பி டிஸ்க்கை பி பள்ளத்தில் சொருகினேன். நமக்காகவே செய்த சாமான் என்று நினைத்தேன்.

டாக் செய்தவர்களுக்கு எங்கள் அறையில் மழை ஒழுகியது தெரியாது. உலகம் முழுவதற்கும் ஏ என்பது அசல், பி என்பது நகல். ஏ பள்ளத்தில் இருந்த காலி டிஸ்க்கை அது துப்புரவாக, ஒரு புள்ளி விடாமல், பி பள்ளத்தில் இருந்த மாஸ்டர் மேல் காப்பி செய்தது. மூன்றரை மணி நேரம் ஒவ்வொரு விளக்காக எரிவதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

6. பழி

அன்று மாலைக்குள் தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை, டை செய்யும் டூல் ரூமிலிருந்து ஆள் வந்தார். 214-ஆம் நம்பர் டை பிரஸ்ஸில் விரிசல் விட்டுவிட்டது, தகட்டைக் குத்தும் பாகமான பஞ்ச்சைப் புதிதாக வெட்ட வேண்டும், ட்ராயிங் வேண்டும். கஸ்டமரின் உற்பத்தி லைன் அதற்காகக் காத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் ரானடே சாரே என் அறைக்கு வந்துவிட்டார்.

"காய் ஜாலா, தன்பால்? என்ன ஆச்சு?"

வாயைத் திறந்தேன். "டாக் கெட்டுப்போச்சு சார். டிஸ்க்க அழிச்சிடுச்சு."

அந்த வாக்கியத்தை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. தானாக வந்தது. ஆனால் வந்த பிறகு அதைத் திருத்தவும் இல்லை. அவர் டாக்கைப் பார்த்தார். பச்சை ஸ்டிக்கரையும் அதன்மேல் இருந்த கையெழுத்தையும் பார்த்தார்.

"அருள்லா போலாவ்."

அருள் வந்தான். டூல் ரூம் ஆட்கள் வாசலில் கூடி நிற்க, என் கண்முன்னால்தான் ரானடே சார் அவனைக் கேட்டார். "டெஸ்ட் பண்ணாம எப்படி ஸ்டிக்கர் ஒட்டின? இருபத்தஞ்சு வருசமா இதுதானே உன் வேல?" அருள் என்னைப் பார்த்தான். தான் ட்ரை பண்ணச் சொன்னதை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் மேசைமேல் இருந்த ஸ்கேலை நேராக வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் முதல் தடவையாக அவனுக்கு வசவு கிடைத்தது.

அருள் டாக்கையும் இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனான்.

7. சிஞ்ச்வட்டிலிருந்து கட்கி வரை

வியாழக்கிழமை மாலை வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிம்ப்ரி போயிற்று, காசர்வாடி போயிற்று. தாபோடி தாண்டியதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பி-ய பி-ல போட்டே."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"பழைய டிஸ்க்க தொறந்தேன். அதுக்கு 'புதியஏ'ன்னு பேரு இருக்கு. டாக் கெட்டுப்போயிருந்தா பேரு எப்பிடிடா மாறும்? டாக் நல்லாத்தான் இருக்கு. நீ என்ன சொன்னியோ அதத்தான் செஞ்சிருக்கு. இந்தத் தப்ப இந்த ஊர்ல வேற எவனும் பண்ண மாட்டான். ஏ ரேக் நனைஞ்சத பாத்தவன்தான் பண்ணுவான். நீ இல்லன்னா நான். நான் பண்ணல."

"அருளு..."

"பேசாத. நேத்து அவ்ளோ பேர் முன்னாடி என்னக் கேட்டாரு. நீ ஸ்கேல நேரா வெச்சிட்டு நின்ன." அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். "இத நானே போய்ச் சொல்லலாம். சொன்னா தப்பிச்சிக்கறதுக்குச் சொல்றான்னு ஆயிடும். நீ சொன்னாதான் செல்லும். நாளைக்கு ஒரு நாள் டைம். சொல்லலன்னா நாளன்னிலருந்து இந்த சீட்டுப் பக்கம் வராத."

கட்கி வந்துவிட்டது. இறங்கினேன். வழக்கமாக ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவான். அன்று காட்டவில்லை.

8. ரிவிஷன் டி

வெள்ளிக்கிழமை காலை ரானடே சார் கேபினுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டார்.

"நானே கூப்பிட நினைச்சேன், தன்பால். எக்ஸ்டென்ஷன் உன் பேர்லதான் போகுது. இந்த விஷயத்துக்கு அப்புறம் அருள் பேர எப்படி அனுப்புறது?"

எத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆமாம், சொல்லாமல்தான் வந்தேன்.

என் அறையில் உட்கார முடியவில்லை. சிஸ்டம்ஸ் ரூமுக்குப் போனேன். அருள் பழைய மெயில்களைத் தோண்டிக்கொண்டிருந்தான். கஸ்டமருக்கும், வெளியே டை வெட்டிக் கொடுப்பவர்களுக்கும் வருடக்கணக்காக நாங்கள் மெயிலில் அனுப்பிய ட்ராயிங்குகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் நான் வைத்த முறையிலேயே பெயர் கொடுத்திருந்தான். முதலில் பி, பிறகு டை நம்பர்.

என்னைப் பார்த்து ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினான். "214 நாலு கெடச்சிருக்கு. எது கடைசின்னு தெரியல. தப்பான ரிவிஷன்ல பஞ்ச் வெட்டினா போச்சு."

நான்கையும் பார்த்தேன். ரிவிஷன் டி-யில் ஒரு மூலையின் ரேடியஸை மாற்றியிருந்தோம். அந்த மாற்றத்தை என் கையால் பதிவு செய்தது ஞாபகம் இருந்தது. "இது இல்ல, இது இல்ல... இதுதான் டி." அருள் அதை டூல் ரூமுக்கு அனுப்பினான். அடுத்து 190, அடுத்து 233. அவன் எடுக்க எடுக்க நான் சொன்னேன். மத்தியானம் வரை ட்ராயிங் நம்பரைத் தவிர ஒரு பேச்சு இல்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. முப்பது வருடமாக எங்கள் இரண்டு டப்பாவும் நடுவில்தான் இருக்கும். அவன் வீட்டு மீன் குழம்பு எனக்கு, என் வீட்டு வெண்டைக்காய் அவனுக்கு. அன்று அவன் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான்.

நான் டப்பாவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் போட்டு உடைத்ததை ஒட்டிக்கொண்டிருப்பவன் அவன். எக்ஸ்டென்ஷன் எனக்கு. இப்படி வாங்கிய ஒரு வருடம் முழுக்க இந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த வருடத்தில் அவன் இங்கே இருக்கவே மாட்டான்.

டப்பாவை மூடிவிட்டு எழுந்து நேரே கேபினுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"டாக் கெட்டுப்போகல சார். நான்தான் டிஸ்க்க மாத்திப் போட்டேன். அருள் மொதல்லயே ட்ரை பண்ணச் சொன்னான், நான் கேக்கல. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

ஏ ரேக், பி ரேக் கதையையும் சொன்னேன். அவர் அதற்கெல்லாம் பிறகு வந்தவர், அவருக்குப் பாதி புரியவில்லை. நெடுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"அருள்லா போலாவ்."

அதே இரண்டு சொல். நான்தான் போய்க் கூப்பிட்டேன். அப்போதும் சுருக்கென்று குத்தத்தான் செய்தது.

9. மிச்சம்

எக்ஸ்டென்ஷன் அருளுக்குப் போயிற்று. எனக்கு ஒரு மெமோ. அதுவரை என் ஃபைலில் மெமோ கிடையாது. ரிட்டயர் ஆகும்வரை இருந்த ஐந்து மாதமும் அருள் மெயில்களையும் வெளியே வெட்டித் தருபவர்களின் கம்ப்யூட்டர்களையும் தேடினான். நான் பிரஸ்கள் ஓடும் ஷாப் ஃப்ளோர் முழுக்க நடந்து, ஆபரேட்டர்களின் பீரோக் கதவுகளில் ஒட்டியிருந்த எண்ணெய்க்கறை பிடித்த பிரிண்ட்டுகளைப் பிரித்தெடுத்தேன். அப்படியும் கிடைக்காதவற்றுக்கு டையையே மேசையில் ஏற்றி அளவெடுத்து வரைந்தோம். சில கடைசிவரை கிடைக்கவில்லை.

அதே டாக்கை வைத்துத்தான் மறுபடி காப்பி எடுத்தோம். டாக் நல்ல டாக்தான். இரண்டாவது வாரம் பார்த்தேன், அதன் ஏ, பி எழுத்துகள் மேல் அருள் காகிதம் வெட்டி ஒட்டியிருந்தான். ஒன்றில் 'இங்கிருந்து', மற்றதில் 'இங்கே'. தமிழில். அந்தக் கம்பெனியில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அன்று மத்தியானம் அவன் மீன் குழம்பு நடுவில் வந்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். டாக் வாங்கினால் முதலில் இரண்டு வேஸ்ட் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் அறை வழக்கம் உங்கள் அறைக்கு வெளியே செல்லாது என்பதை ஞாபகம் வையுங்கள். வேலையில் யார்மேல் உங்களுக்குப் பொறாமையோ, எதை வாங்கும் முன்பும் அவரையே போய்க் கேளுங்கள். அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தானே பொறாமையே வந்தது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. என் வீட்டிலிருந்து காலையில் லோனாவலா லோக்கலின் சத்தம் கேட்கும். ஜன்னல் சீட்டில் அவன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். காபி கொஞ்சம் கசக்கும்.

போன வாரம் அந்த வண்டியிலிருந்து எனக்கு போன் செய்தான். குரலில் எரிச்சல்.

"279-க்குக் கடைசி ரிவிஷன் எதுடா?"

"எஃப்."

"பாத்தியா, யோசிக்காம சொல்ற. நீ போயி மூணு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு ட்ராயிங்னா போதும், 'தன்பால்லா போலாவ்'ங்கறாரு. நேத்து ரெண்டு தடவ. இத்தன வருசமா எனக்கு ஒரு நம்பர் மண்டைல நிக்கல. உனக்கு எப்பிடி நிக்குதுன்னு எனக்கு எப்பவும் வயித்தெரிச்சல்தான், தெரியுமா?"

பின்னால் வண்டி ஹாரன் அடித்தது.

"கேக்கலடா, ஒரே சத்தம்" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.